துராயா போன் துபாயிலேயே இருக்கட்டும்

கேள்வி: ஐயா, எங்களுக்குச் சொந்த ஊர் போடிநாயக்கனூர். கேரளாவில் பூப்பாறையைத் தாண்டி ஒன்பது ஏக்கர் ஏலத்தோட்டம் இருக்கிறது. காய் எடுப்புக் காலத்தில் என் கணவர் வாரக்கணக்கில் ஸ்டோரிலேயே (காயை உலர்த்தி வைக்கும் கட்டடம்) தங்கிவிடுவார். கூட நாலைந்து ஆட்கள் இருப்பார்கள். ஸ்டோர் பள்ளத்தில் இருப்பதால் எந்த சிம்மிலும் சிக்னல் வராது. மேட்டில் ஏறினால் போடிப் பக்கத்து டவர் கிடைக்கும். மழை பிடித்துக் கரண்ட் போய்விட்டால் சில நாள் அதுவும் இருக்காது. எதிர்மேட்டில் ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளித் தெரிந்தவர்களின் எஸ்டேட் ஆபீஸ் இருக்கிறது, அங்கே பிராட்பேண்ட் உண்டு. துபாயில் வேலை பார்க்கும் என் தம்பி, "துராயா சாட்டிலைட் போன் ஒன்று வாங்கி வருகிறேன், மாதம் கொஞ்சம் கட்டினால் போதும்" என்கிறான். ஜனவரியில் என் கணவர் அங்கே போகும்போது இருவரும் லிவா பாலைவனத்தில் ஆறு நாள் தங்கப் போகிறார்களாம். அந்தப் பயணத்துக்கும் ஆகும், அப்புறம் தோட்டத்துக்கும் ஆகும் என்பது அவன் கணக்கு. எந்த மாடல், எந்த பிளான் எடுக்கலாம்?

பதில்: சகோதரி, மாடலும் பிளானும் பேசுவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கே தம்பிக்குப் போன் போட்டு, அந்தக் கருவியை எந்தக் காரணத்துக்காகவும் இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கைப்பையிலும் வேண்டாம், பெட்டியிலும் வேண்டாம், கார்கோவிலும் வேண்டாம்.

துராயா, அதேபோன்ற இன்னொரு சாட்டிலைட் போனான இரிடியம், இரண்டுக்கும் நம் நாட்டில் அனுமதி இல்லை. 2008 மும்பைத் தாக்குதலை நடத்தியவர்கள் துராயா போனைப் பயன்படுத்தியிருந்தார்கள். அதன் பிறகு இந்த விஷயத்தில் அரசு மிகக் கண்டிப்பாக இருக்கிறது. அனுமதியில்லாமல் வைத்திருப்பவர்கள் மீது 1885-ம் ஆண்டுத் தந்திச் சட்டத்திலும் 1933-ம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டத்திலும் வழக்குப் போட்டுவந்தார்கள். அந்தப் பழைய சட்டங்களின் இடத்துக்கு இப்போது 2023-ம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் வந்திருக்கிறது. 2024 டிசம்பரில் கனடாவிலிருந்து வந்திருந்த ஒரு பயணியைக் கோவா விமான நிலையத்தில் பிடித்தார்கள். அவர் கையில் இருந்தது போன்கூட இல்லை, மலையேறுகிறவர்கள் செய்தி அனுப்ப வைத்திருக்கும் கார்மின் இன்ரீச் என்ற உள்ளங்கை அளவுக் கருவி. அடுத்த மாதமே, இந்தத் தடையைப் பயணிகளுக்குத் தெரியப்படுத்துங்கள் என்று விமான நிறுவனங்களுக்கு அரசு சொன்னது. துபாய்க் கடையில் சட்டப்படி வாங்கியது, பில் இருக்கிறது என்பதெல்லாம் கொச்சியிலும் மதுரையிலும் எடுபடாது.

சிலர் இன்னொரு வழி சொல்வார்கள். துராயாவில் சில மாடல்களுக்குச் சாதாரண சிம் போடவும் ஓர் இடம் உண்டு; அதனால் "சாட்டிலைட்டை ஆன் பண்ண மாட்டேன், ஏர்டெல் போட்டுச் சும்மா பேசுவேன்" என்பார்கள். கருவியை வைத்திருப்பதே குற்றம் என்னும்போது இந்தச் சமாதானம் உதவாது. போய்த் தோட்டத்தில் ரகசியமாகப் பயன்படுத்தலாம் என்ற எண்ணமும் வேண்டாம். இந்தப் போன் முதலில் ஜி.பி.எஸ். மூலம் தான் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தைச் செயற்கைக்கோள் வழியாகத் தெரிவித்துவிட்டுத்தான் பேசவே விடும். கேரள எல்லைக் காட்டுக்குள்ளிருந்து ஒரு துராயா அழைப்பு போனால், தேடி வருகிறவர்களுக்கு உங்கள் ஏலத்தோட்டம் என்று தெரியாது.

சட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தாலும், உங்கள் தோட்டத்துக்கு அது ஏற்ற கருவி இல்லை. துராயாவின் செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பது. போனின் ஆன்டெனாவை நிமிர்த்தி, அந்தத் திசையில் வானம் திறந்திருக்கும் இடத்தில் நிற்க வேண்டும். இந்த அலைவரிசையை மழை பெரிதாகத் தடுக்காது, மரம் தடுக்கும். ஏலம் நிழலில் வளர்கிற செடி. தோட்டம் முழுக்க நிழல்மரம். அதற்கடியில் நின்று எவ்வளவு திருப்பினாலும் சிக்னல் கோடு ஏறாது. ஸ்டோருக்குள், தகரக் கூரைக்குக் கீழே, சொல்லவே வேண்டாம். அதைவிட முக்கியமாக, நீங்கள் போடியிலிருந்து கூப்பிடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். கணவர் அந்த நேரத்தில் ஆன்டெனாவை விரித்து வெட்டவெளியில் வைத்திருந்தால்தான் நிச்சயமாக மணி அடிக்கும். பையிலோ அலமாரியிலோ இருந்தால் அடிக்கும் என்று நம்ப முடியாது. அவர் உங்களைக் கூப்பிடலாம். நீங்கள் அவரைக் கூப்பிட முடியாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்தால் உங்களுக்கு வேண்டியது இரண்டாவதுதான் என்று தெரிகிறது.

லிவா பயணத்துக்கு வருகிறேன். அங்கே கதையே வேறு. துராயா அமீரகத்தைத் தாயகமாகக் கொண்ட நிறுவனம். லிவாவில் மணல்மேடும் வானமும்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஆறு நாளுக்கு அது நல்ல துணை. ஆனால் விலைக்கு வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுக்கச் சொல்லுங்கள். தம்பி வருடத்துக்கு மூன்று நான்கு முறை பாலைவனத்துக்குப் போகிறவராக இருந்தால் மட்டும் வாங்குவதில் அர்த்தம் உண்டு. அப்படி வாங்கினால் எக்ஸ்.டி.-லைட் என்ற சாதாரண மாடலே போதும். எடை 186 கிராம். பேசினால் 6 மணி நேரம், சும்மா ஆன் செய்து வைத்தால் 80 மணி நேரம் சார்ஜ் நிற்கும் என்று நிறுவனம் சொல்கிறது. தொடுதிரை, ஆண்ட்ராய்டு என்று விலை கூடிய மாடல்களும் இருக்கின்றன. மணலில், வேர்த்த கையில், பதற்றத்தில் அழுத்த வேண்டியதற்குப் பட்டன் வைத்த போனே மேல்.

இரிடியம் வேண்டுமா என்று கடைக்காரர் கேட்கலாம். அது 66 செயற்கைக்கோள்கள் சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும் அமைப்பு. துருவம்வரை உலகம் முழுக்க எடுக்கும். அண்டார்டிகாவுக்கோ நடுக்கடலுக்கோ போகிறவர்கள் அதைத்தான் எடுக்க வேண்டும். அமெரிக்கக் கண்டங்களில் துராயா எடுக்கவே எடுக்காது. லிவாவுக்கு அந்தக் கூடுதல் செலவு தேவையில்லை.

பிளான் விஷயத்தில் நிறையப் பேர் நிமிடத்துக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். அதைவிட முக்கியம், போட்ட காசு எத்தனை நாள் செல்லும் என்பது. ப்ரீபெய்டில் குறித்த நாளுக்குள் பேசவில்லை என்றால் மிச்சம் போய்விடும். சில பிளானில் ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் சிம்மே செத்துவிடும். ஒரு வாரப் பயணத்துக்கு மாதச் சந்தா பிளான் எடுப்பது வீண். பயணம் முடிந்து நிறுத்தச் சொன்ன பிறகும் குறைந்தபட்ச மாதங்களுக்குக் கட்டச் சொல்லும் ஒப்பந்தங்கள் உண்டு, கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைத் தேடிப் பார்க்க வேண்டும். எந்த எண்ணுக்குக் கூப்பிட்டால் எவ்வளவு என்பதும் ஒரே மாதிரி இருக்காது. துராயாவிலிருந்து துராயாவுக்கு ஒரு விலை, அமீரக மொபைலுக்கு ஒன்று, இந்தியாவுக்கு ஒன்று. வேறொரு செயற்கைக்கோள் நிறுவனத்தின் போனுக்குக் கூப்பிட்டால் மிகமிக அதிகம்.

எத்தனை நிமிடம் வாங்குவது? ஒரு நாளைக்கு ஒரே ஒரு அழைப்பு, இரண்டு நிமிடம், "இங்கே இருக்கிறோம், நாளை இந்தப் பக்கம் போகிறோம்" என்று சொல்ல. ஆறு நாளுக்குப் பன்னிரண்டு. ஆபத்து என்று வந்தால் மீட்பவர்களோடு மாறி மாறிப் பேச முப்பது. மொத்தம் நாற்பத்திரண்டு, ஐம்பது நிமிடமாக வாங்கினால் போதும். பேரனுடைய பிறந்தநாள் வாழ்த்தெல்லாம் அபுதாபி திரும்பியதும் சொல்லிக்கொள்ளலாம்.

இங்கே நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. துராயா எண்கள் 88216 என்று தொடங்கும். அதில் வரும் அழைப்பைப் பேசுகிறவருக்குப் பெரும்பாலும் காசு கிடையாது, கூப்பிடுகிறவர் தலையில்தான் விழும். போடியிலிருந்து உங்கள் மொபைலில் அந்த எண்ணுக்குப் போட்டு, அழைப்பு போனால், ஒரு நிமிடத்திலேயே பேலன்ஸ் காலியாகலாம். அதனால் எண்ணைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் பரப்பாதீர்கள். நிறுவனத்தின் இணையப் பக்கத்திலிருந்தே துராயா எண்ணுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்ப முடியும், அதைப் பயன்படுத்துங்கள். பேசும்போது ஒருவர் முடித்ததும் ஒரு மூச்சு விட்டுத்தான் அடுத்தவர் ஆரம்பிக்க வேண்டும். குரல் அவ்வளவு உயரம் போய் இறங்க கால் நொடி, பதில் வர இன்னொரு கால் நொடி. அந்த இடைவெளி தெரியாமல் இரண்டு பேரும் ஒன்றாகப் பேசிக்கொண்டு, "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே நிமிடத்தைத் தீர்ப்பார்கள். கிளம்பும் முன் துபாயிலேயே மொட்டை மாடியில் நின்று ஒரு தடவை போட்டுப் பழகிவிடச் சொல்லுங்கள். திரும்பும் நாளில் போன், சிம் இரண்டையும் வாடகைக் கடையில் கொடுத்துவிட்டுத்தான் விமான நிலையம் போக வேண்டும்.

இனி தோட்டம். இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறுக்கு அந்தப்பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் லயங்கள் (வரிசை வீடுகள்) மண்ணோடு போயின. எழுபது பேர் இறந்தார்கள், நம் தமிழ்ச் சனங்கள். மின்சாரம் இல்லை, தொலைபேசித் தொடர்பு இல்லை. நடந்தது வெளியே தெரிய மறுநாள் காலை ஆகிவிட்டது. உங்கள் பயம் நியாயமானது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். அந்தப் பயத்துக்குச் சட்டத்துக்கு உட்பட்டே வழி இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு வரிதான் என் கண்ணில் பட்டது: எதிர்மேட்டு எஸ்டேட் ஆபீஸில் பிராட்பேண்ட். அங்கிருந்து உங்கள் ஸ்டோருக்கு வயர் இல்லாமலே இணையத்தைக் கொண்டுவரலாம். இரண்டு முனையிலும் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒவ்வொரு டிஷ், ஒன்றையொன்று பார்த்தபடி. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையில் ஓடுவது. அந்த அலைவரிசைக்கு 2018-லிருந்து உரிமம் தேவையில்லை. அனுமதிக்கப்பட்ட சக்திக்குள் இருந்தால் வெளியிடத்திலும் வைக்கலாம். ஒன்றரைக் கிலோமீட்டர் அதற்கு ஒரு தூரமே இல்லை. எஸ்டேட்காரர்களிடமும் அவர்களுக்கு இணைப்புக் கொடுத்திருக்கும் நிறுவனத்திடமும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். முடிந்தால் அதே இடத்தில் உங்கள் பெயரிலேயே தனி இணைப்பு எடுங்கள்.

அதற்கு வேண்டியது பார்வைக் கோடு. ஸ்டோர் கூரையில் ஏறி நின்றால் எஸ்டேட் ஆபீஸ் கூரை தெரிய வேண்டும். தெரிந்தால் மட்டும் போதாது. நடுவழியில் இருக்கும் சில்வர் ஓக் மரங்களின் உச்சிக்கும் அந்தக் கோட்டுக்கும் குறைந்தது மூன்று மீட்டர் இடைவெளி வேண்டும். அலை நூல் பிடித்த மாதிரி மெலிதாகப் போவதில்லை, நடுவில் பருத்துப் போகும். அந்தப் பருமனுக்குள் இலை வந்தால், அதுவும் மழையில் நனைந்த இலை வந்தால், வேகம் விழுந்துவிடும். வெயில் காலத்தில் பொருத்திவிட்டு ஆடியில் வேலை செய்யவில்லை என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் இதனால்தான். மரம் இடித்தால் ஸ்டோரில் ஜி.ஐ. குழாயை உயர்த்தி டிஷ்ஷை மேலே கொண்டுபோகலாம். மரத்தில் மட்டும் கட்டாதீர்கள், காற்றில் ஆடும்.

இணையம் வந்துவிட்டால் ஸ்டோரில் சாதாரண வைஃபை ரூட்டர், கணவருடைய அதே மொபைல். அமைப்புகளில் வைஃபை காலிங் என்பதை ஆன் செய்துவிட்டால், டவரே இல்லாத இடத்திலும் அவருடைய வழக்கமான எண்ணிலேயே பேசலாம். ஜியோ, ஏர்டெல் இரண்டிலும் இந்த வசதி உண்டு. ஏர்பிளேன் மோடில் போட்டு, வைஃபையை மட்டும் ஆன் செய்து, ஒரு கால் போகிறதா என்று பாருங்கள், போனால் சரி. நீங்கள் கூப்பிட்டாலும் அடிக்கும்.

கரண்ட் போனால்? ஸ்டோரில் டிஷ்ஷும் ரூட்டரும் சேர்ந்து சுமார் 20 வாட் இழுக்கும். ஒரு 12 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரியைப் பாதிவரை பயன்படுத்தலாம் என்று வைத்தால் 600 வாட்-ஹவர் கிடைக்கும். நாள் முழுக்க ஓடவிட்டால் ஒரு நாளுக்குக் கொஞ்சம் மேலே தாங்கும். காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம் என்று ஓட்டினால், பேட்டரியைச் சார்ஜ் செய்ய வைக்கும் சூரியத் தகடு ஒன்றுமே தராத அடைமழையிலும் ஒரு வாரம் தாங்கும். சுவிட்ச் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும், அவசரம் என்றால் நடுராத்திரியிலும் போட்டுக்கொள்ளலாம். எஸ்டேட் ஆபீஸ் பக்கமும் இதே மாதிரி ஒரு பேட்டரி வேண்டும். இதை நிறையப் பேர் மறந்துவிடுவார்கள். ஆப்டிகல் ஃபைபர் கம்பிக்கு வழியில் மின்சாரம் தேவையில்லை, அங்கே இருக்கும் பெட்டிக்குத் தேவை. இடி மின்னல் உள்ள மலை என்பதால் எர்த்தும், மின்னலில் வரும் மின்பாய்ச்சலைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டரும் போட்டே ஆக வேண்டும்.

சரிவில் காய் எடுப்பவர்களுக்கும் ஸ்டோருக்கும் இடையே பேச வாக்கிடாக்கி வைக்கலாம். 446 மெகாஹெர்ட்ஸில் அரை வாட் சக்திக்குள் உள்ள, முறையான ஒப்புதல் பெற்ற கருவிக்கு உரிமம் வேண்டாம். யானை நடமாட்டம் உள்ள பகுதி உங்களுடையது, இது உதவும். ஆன்லைனில் மலிவாக வரும் ஐந்து வாட் கருவிகள் வேண்டாம், அவற்றுக்கு உரிமம் வேண்டும். அதேபோல மொபைல் சிக்னல் பூஸ்டர் என்று விற்பதையும் வாங்காதீர்கள். தனியாட்கள் அதை வைப்பது சட்டவிரோதம். பக்கத்து டவரையும் அது கெடுக்கும்.

சட்டப்படி சாட்டிலைட் போன் வேண்டும் என்றால் பி.எஸ்.என்.எல். வழி இருக்கிறது. 2017-லிருந்து இன்மார்சாட் செயற்கைக்கோளில் அவர்கள் சேவை தருகிறார்கள், முதலில் காவல்துறை, பேரிடர் மீட்பு போன்ற அரசுத் துறைகளுக்காகத் தொடங்கியது. தனியார் கேட்டால் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி வேண்டும். ஒற்றைத் தோட்டக்காரராக அலைவதைவிட, உங்கள் பகுதி விவசாயிகள் சங்கமோ பஞ்சாயத்தோ இடுக்கி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்திடம் எழுதிக் கேட்பது பலிக்கும் வழி. நிழல்மரம் இல்லாத ஒரு மேட்டில், எல்லாருக்கும் தெரிந்த ஒருவர் பொறுப்பில் ஒரு போன் இருந்தால் சுற்றியுள்ள எல்லாத் தோட்டத்துக்கும் உதவும். செயற்கைக்கோள் வழியாக இணையம் தரும் ஸ்டார்லிங்க் 2025 ஜூனில் இந்திய உரிமம் பெற்றது. நேரடியாக வாங்கும் நிலை உங்கள் பகுதிக்கு வரும்போது யோசிக்கலாம். அதற்காகக் காத்திருந்து இந்தப் பருவத்தைக் கடத்த வேண்டாம். ஐபோனில் உள்ள செயற்கைக்கோள் அவசர அழைப்பை நம்பியும் இருக்க வேண்டாம், இந்தியாவில் அது கிடையாது.

எல்லையில் இருப்பதால் இன்னொன்று. மேட்டில் ஏறிப் போடிப் பக்கத்து டவரில் 112 அல்லது 108 அடித்தால் அழைப்பு தமிழ்நாட்டுக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகலாம். எடுத்தவுடன் "யானை, மழை, அடிபட்டுவிட்டது" என்று ஆரம்பித்தால் அவர்கள் தேனி மாவட்டத்தில் தேடுவார்கள். முதல் வார்த்தை "கேரளா, இடுக்கி மாவட்டம், உடும்பன்சோலை தாலுகா, பூப்பாறை" என்று இருக்கட்டும், மற்றது பிறகு. வைஃபை காலிங்கில் 112 போகும் என்று நம்பாதீர்கள். அருகிலுள்ள காவல் நிலையம், ஆஸ்பத்திரி, வனத்துறை அலுவலகம், தெரிந்த ஜீப் டிரைவர் இரண்டு பேர், இவர்களின் நேரடி எண்களை எழுதி ஸ்டோர் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். கூட இருக்கும் ஆட்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும், அடிபடுவது உங்கள் கணவராகவே இருக்கலாம்.

இத்தனையும் செய்த பிறகும் மரம் விழுந்து ஃபைபர் அறுந்துபோகலாம். அதனால் இன்றிலிருந்தே, டிஷ் வருவதற்கு முன்பே, ஒரு ஏற்பாடு செய்யுங்கள். இரவு எட்டு மணிக்கு ஒரு பேச்சு, காலை ஏழு மணிக்கு ஒரு பேச்சு. இப்போதைக்கு மேட்டில் ஏறித்தான் பேச வேண்டியிருக்கும், இரவில் ஏற முடியாதென்றால் இருட்டுவதற்கு முன்னால் ஒரு நேரம் வையுங்கள். அடுத்தடுத்து இரண்டு முறை பேச்சு வராவிட்டால் நீங்கள் வேறெதையும் யோசிக்காமல் பூப்பாறை ஜீப்காரரை அனுப்பிவிட வேண்டும். போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்று தெரிந்தால் உங்களுக்கு ஜீப் வாடகை மட்டும் நஷ்டம். கணவரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், வீணாகப் பதறிவிட்டாய் என்று பிறகு சங்கடப்பட வேண்டாம்.

ஸ்டோர் கூரையிலிருந்து எஸ்டேட் ஆபீஸ் திசையில் மூன்று நான்கு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள், பனி இல்லாத காலை நேரத்தில். இரண்டு இடத்தின் ஜி.பி.எஸ். எண்களையும் மொபைலில் பார்த்துக் குறித்து அனுப்புங்கள். குழாய் எவ்வளவு உயரம் வேண்டும், எந்த அளவு டிஷ் போதும் என்று கணக்குப் போட்டு எழுதுகிறேன்.